காண்டேகருக்குப் பிறகு மராத்தியில் யாரைப் படிப்பது, எப்படிப் படிப்பது?

கேள்வி இதுதான்: காண்டேகரைத் தமிழில் படித்தாயிற்று. அதற்குப் பிறகு மராத்தியில் என்ன நடந்தது, யாரிடமிருந்து தொடங்கலாம், மொழிபெயர்ப்பில் படிக்கும்போது எங்கெல்லாம் சறுக்கும்?

காண்டேகரிலிருந்தே தொடங்குவோம், ஏனென்றால் பிறகு வந்தவர்களில் பாதிப் பேர் அவருடைய மொழியோடு சண்டை போட்டவர்கள்தான். கா. ஸ்ரீ. ஸ்ரீ. மராத்தியிலிருந்து நேராகத் தமிழுக்குக் கொண்டுவந்ததால், வி. ஸ. காண்டேகர் தமிழ் எழுத்தாளர் போலவே இங்கே வாசிக்கப்பட்டார். 1959-இல் வந்த ‘யயாதி’க்கு அடுத்த ஆண்டு சாகித்திய அகாதெமி விருது, 1974-இல் ஞானபீடம். மராத்திக்குக் கிடைத்த முதல் ஞானபீடம் அது. அவர் காலத்தில் நா. சீ. பட்கே ‘கலை கலைக்காக’ என்று நிற்க, காண்டேகர் ‘கலை வாழ்க்கைக்காக’ என்று எதிரில் நின்றார். பெரிய சண்டைதான், ஆனால் இன்று இருவரையும் அடுத்தடுத்துப் படித்தால் மொழி ஒன்றாகவே தெரிகிறது: வழவழப்பான, உவமை நிறைந்த, பள்ளிக்கூட மராத்தி. அதைப் புனேயின் சதாசிவ் பேட்டை மராத்தி என்று கிண்டலாகச் சொல்வார்கள். படித்த பிராமணக் குடும்பங்கள் நிறைந்த பேட்டை அது. காண்டேகருக்குப் பிந்தைய மராத்தி இலக்கியத்தைப் புரிந்துகொள்ள ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால் போதும்: யாருடைய மராத்தி அச்சில் ஏறுகிறது?

இந்தக் கேள்வி பழையது. மராத்தி எழுத்தாளர்களின் முதல் கூட்டம் 1878-இல் புனேயில் ரானடே தலைமையில் நடந்தது. 1885-இல் அடுத்த கூட்டத்துக்குச் சாதி எதிர்ப்புச் சீர்திருத்தவாதி ஜோதிராவ் புலேயை அழைத்தபோது அவர் மறுத்துக் கடிதம் எழுதினார். மனித உரிமைகளை எல்லோருக்கும் மனதார வழங்க முன்வராதவர்களின் சபைகளும் புத்தகங்களும் எங்கள் சபைகளோடும் புத்தகங்களோடும் ஒட்டாது என்பது அதன் சாரம். அந்தக் கூட்டம் வளர்ந்துதான் இன்றைய அகில பாரதிய மராத்தி சாகித்திய சம்மேளனம் ஆனது. 2025-இல் டெல்லியில் 98-ஆவது சம்மேளனம் நடந்தது. புலே தொடங்கிய வழக்கு அதற்குள்ளும் வெளியிலும் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

கவிதையில் உடைப்பு பா. சீ. மர்டேகரிடம் (1909–1956) நிகழ்ந்தது. அகில இந்திய வானொலியில் வேலை பார்த்தவர். 1947-இல் வந்த ‘காஹீ கவிதா’ (சில கவிதைகள்) தொகுப்புக்கு ஆபாச வழக்கு போட்டார்கள், விடுதலையானார். ‘பிபாத் மேலே ஓல்யா உந்திர்’ என்று தொடங்கும் அவருடைய கவிதையை மராத்தியில் கேள்விப்படாதவர் இல்லை. பீப்பாயில் எலிகள் செத்துக் கிடக்கின்றன. யாரும் திருகாமலே கழுத்துகள் தொங்கிவிட்டன.

இந்த ஒரு வரியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். ‘ஓல்யா’ என்றால் ஈரமான. அது உந்திர் (எலிகள்) என்ற சொல்லை ஒட்டி நிற்கிறது. அதனால் ‘ஈர எலிகள்’ என்று எடுத்துக்கொள்ளத் தோன்றும். ஆனால் எலிகள் ஆண்பால் பன்மை; ஈர எலிகள் என்றால் ‘ஓலே உந்திர்’ என்றுதான் வர வேண்டும். ‘ஓல்யா’ என்ற வடிவம் வேற்றுமை உருபு ஏற்ற பெயருக்கு முன் வருவது. ஆகவே அது ‘பிபாத்’ என்ற பீப்பாய்க்கு உரியது. ஈரம் பீப்பாயினுடையது. நடுவில் ‘மேலே’ (செத்தன) என்ற வினையைச் செருகி, பெயரையும் அடையையும் கவிஞர் பிய்த்துப்போட்டிருக்கிறார். தமிழில் அடை திரிவதில்லை, தன் பெயருக்கு முன்னால் ஒட்டியே நிற்கும். அதனால் இந்தப் பிய்ப்பைத் தமிழில் செய்யவே முடியாது. ‘ஈரப் பீப்பாயில் எலிகள் செத்தன’ என்றால் பொருள் சரி, வாக்கியத்தின் முறிவு போய்விட்டது. வரியை உடைத்து எழுதுவது ஒன்றே வழி. ‘ஈர எலிகள்’ என்று எழுதியிருந்தால், மொழிபெயர்த்தவர் இலக்கணத்தைக் கவனிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

மர்டேகரிடம் இன்னொன்று: எந்திரத்தையும் நகரத்தையும் பாடியவர் பயன்படுத்தியது பல இடங்களில் 17-ஆம் நூற்றாண்டு பக்திக் கவி துகாராமின் அபங்க யாப்பு. பெரிய அபங்கத்தில் ஒரு கண்ணிக்கு நான்கு அடி, முதல் மூன்றில் ஆறாறு எழுத்து, கடைசியில் நான்கு. இரண்டாவதும் மூன்றாவதும் இயைபு. பஜனையில் தாளம் போட்டுப் பாடிய அமைப்பில் பீப்பாய் எலி வந்து விழுந்தால் வாசகனுக்கு எப்படி இருந்திருக்கும்! வசன கவிதையாகத் தமிழ்ப்படுத்தினால் இந்தப் பாதி காணாமல் போகும்.

உரைநடையில் எல்லோரும் சொல்வது பாலச்சந்திர நேமாடேயின் ‘கோஸலா’ (1963). முதலில் ஒரு எச்சரிக்கை: தலைப்பைப் பார்த்ததும் கோசல நாடு ஞாபகம் வரும், சம்பந்தமே இல்லை. மராத்தியில் கோஸலா என்றால் புழு தன்னைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் கூடு. கான்தேஷில் சாங்கவி என்ற ஊரிலிருந்து புனே கல்லூரிக்குப் போகும் பாண்டுரங் சாங்கவிகர், விடுதி மெஸ் செயலாளராகி நஷ்டப்படுகிறான், பரீட்சையில் தேறாமல் போகிறான், தங்கை மணி அம்மையில் இறக்கிறாள், ஊர் திரும்புகிறான். கதை என்று சொன்னால் இவ்வளவுதான். மணி இறக்கும் பகுதி மட்டும் தனியாகவே மராத்தியில் எழுதப்பட்ட சிறந்த பக்கங்களில் ஒன்று.

அதன் பலம் இரண்டு சொற்களில் இருக்கிறது: ‘உதாஹரணார்த்’, ‘வகைரே’. முதல் வாக்கியத்திலேயே தனக்கு இன்று ‘உதாஹரணார்த்’ இருபத்தைந்து வயது என்கிறான் பாண்டுரங். வயதுக்கு எதற்கு உதாரணம்? அதுதான் நக்கல். பாடப்புத்தகத்தின் சொல் ஒன்று, பொருளற்ற இடத்தில் திரும்பத் திரும்ப வந்து, படிப்பு என்பதையே காலிப் பாத்திரமாகத் தட்டிக் காட்டுகிறது. தமிழில் ‘உதாரணத்துக்கு’ என்று போட்டால் சரியாக இருக்காது, நாம் பேச்சில் அதைச் சாதாரணமாகச் சொல்வோம். ‘எடுத்துக்காட்டாக’ என்றால்தான் வகுப்பறை வாடை வரும். ‘வகைரே’ நம் ‘வகையறா’ என்ற அதே அரபிச் சொல்தான். ஆனால் தமிழில் அது குடும்பத்தோடும் பங்காளிகளோடும் ஒட்டிக்கொண்டு வேறு வழியில் போய்விட்டது. ‘முதலியன’ என்று போடுவதே நெருங்கி வரும். 1997-இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் படிப்பவர்கள் இந்த இரண்டு சொற்களும் எத்தனை தடவை வருகின்றன என்று எண்ணிக்கொண்டே போனால் நாவலின் சுதி பிடிபடும்.

நேமாடே 2014-க்கான ஞானபீடம் பெற்றார். அவருடைய ‘தேசியவாதம்’ (நம் அரசியல் தேசியவாதம் அல்ல, மண்ணைச் சேர்ந்தது என்ற பொருளில் ‘தேசி’) மொழி குறித்துப் பேசும்போது கூர்மையாக இருக்கிறது. ஆனால் கிராமத்தைக் கொண்டாடும் இடத்தில் சாதியின் கூர் மழுங்கிவிடுகிறது என்பது அவர்மேல் உள்ள நியாயமான புகார். 2010-இல் வந்த ‘ஹிந்து’வை அவரிடம் தொடங்கும் புத்தகமாக எடுக்க வேண்டாம். பெரிதாக, பரந்து கிடக்கிறது, பாதியில் வைத்துவிடுவீர்கள்.

எளிதாகத் தொடங்க வேண்டும் என்றால் வெங்கடேஷ் மாட்கூல்கர். 1955-இல் வந்த ‘பன்கர்வாடி’ சிறிய நாவல், தமிழில் அதே பெயரில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டது. மழை பொய்க்கும் மாண்தேஷ் பகுதியில் ஆடு மேய்க்கும் தன்கர்களின் ஊருக்கு இளம் வாத்தியார் வருகிறார். கடைசியில் பஞ்சம் வந்து ஊரே காலியாகிறது. அழுத்திச் சொல்லும் வாக்கியம் ஒன்றுகூட இல்லை. காண்டேகரை மூடிவைத்த கையோடு இதைத் திறந்தால், இருவரும் ஒரே மொழியில்தான் எழுதினார்களா என்று சந்தேகம் வரும். இதே தலைமுறையில் கங்காதர் காட்கில், அரவிந்த் கோகலே முதலியோர் ‘நவ கதா’ என்ற பெயரில் சிறுகதையை மாற்றினார்கள். தார்வாடில் வாழ்ந்த ஜி. ஏ. குல்கர்ணி தனி வகை. ‘காஜள்மாயா’ தொகுப்பின் கதைகளில் விதி என்பது ஒரு பாத்திரம் போல நடமாடும். அவரை இடைவெளி விட்டுப் படிக்க வேண்டும், தொடர்ந்து நான்கு கதை படித்தால் மூச்சு முட்டும்.

இனி விஷயத்தின் நடுப்பகுதிக்கு வருவோம். கோஸலா வந்த அதே 1963-இல் பாபுராவ் பாகுலின் ‘ஜேவ்ஹா மீ ஜாத் சோர்லீ ஹோதீ’ வந்தது. சொல்லுக்குச் சொல் வைத்தால் ‘நான் சாதியைத் திருடியபோது’. சோர்ணே என்றால் திருடுதல். ஒளித்து வைத்தல் என்றும் பொருள். வேற்றூரில் வேலைக்குப் போனவன் வாடகைக்கு இடம் கிடைக்கத் தன் சாதியை மறைக்கிறான். தன்னுடையதையே திருடனைப் போல ஒளிக்க வேண்டியிருக்கிறது என்ற குத்து ‘மறைத்தபோது’ என்ற மொழிபெயர்ப்பில் பாதியாகிவிடும். இதற்கும் முன்பே, 1958-இல் மும்பையில் முதல் தலித் இலக்கியக் கூட்டம் நடந்தது. அதைத் தொடங்கிவைத்த அண்ணாபாவ் சாட்டே, பூமி ஆதிசேஷன் தலையில் நிற்கவில்லை, தலித்துகள், உழைப்பாளிகள் உள்ளங்கையில் நிற்கிறது என்று பேசினார்.

நாம்தேவ் தசாளின் ‘கோல்பிட்டா’ 1972. அதே ஆண்டில்தான் அவரும் ஜே. வி. பவார், ராஜா டாலே முதலியோரும் தலித் பேந்தர் இயக்கத்தைத் தொடங்கினார்கள். கோல்பிட்டா மும்பையில் பாலியல் தொழில் நடக்கும் காமாட்டிபுராவை ஒட்டிய இடம். தசாள் வளர்ந்தது அங்கே, டாக்ஸி ஓட்டியவர். முன்னுரை நாடகாசிரியர் விஜய் தெண்டுல்கர். வெள்ளைக்காலர் மும்பை முடியும் இடத்தில் இந்த உலகம் தொடங்குகிறது என்று அவர் குறித்தது பொருத்தம். கிராமத்து மகார் (தசாளின் தலித் சாதி) பேச்சு, மும்பைத் தெருவின் கெட்ட வார்த்தை, பாலியல் தொழில் செய்பவர்களின் குழூஉக்குறி, நடுவே தூய சமஸ்கிருதம் என்று ஒரே கவிதையில் நான்கு மராத்தி வரும். மொழிபெயர்ப்பில் வழக்கமாக நடக்கும் தவறு, எல்லாவற்றையும் ஒரே கோபக் குரலாக ஆக்கிவிடுவது. கோபம் மட்டும் எடுத்துக்கொண்டால் தசாள் கிடைக்க மாட்டார். அவரிடம் கனிவும் குறும்பும் சம அளவில் இருக்கின்றன. ஆங்கிலத்தில் திலீப் சித்ரே 2007-இல் கொண்டுவந்த தேர்வுதான் நம்பிப் படிக்கத்தக்கது.

அடுத்து தலித் தன்வரலாறுகள். இவற்றின் தலைப்பைப் புரிந்துகொண்டாலே பாதிப் புத்தகம் படித்த மாதிரி. தயா பவாரின் ‘பலுத’ (1978): ஊர்ப் பொது வேலை செய்யும் பன்னிரண்டு பலுதேதார்களுக்கு அறுவடையில் தரும் பங்கு அது. நம் ஊரில் களத்தில் அளந்த மேரையை நினைத்துக்கொள்ளலாம். சாவுச் செய்தி கொண்டுபோவதும் செத்த மாட்டை இழுத்துப்போவதும் மகார்களின் வேலை. கிடைப்பது கூலி இல்லை, கையேந்தி வாங்கும் பங்கு. புத்தகத்தின் அமைப்பும் கவனிக்கத்தக்கது: தக்டு பவார் என்பவன் எழுத்தாளர் தயா பவாரிடம் தன் கதையைச் சொல்கிறான். இரண்டு பேரும் ஒருவரே. படித்து மேலே வந்தவன், விட்டு வந்த தன்னை எதிரில் உட்காரவைத்துக் கேட்கிறான். லட்சுமண் மானேயின் ‘உபரா’ (1980) என்றால் வெளியாள், ஒட்டாதவன். லட்சுமண் கெய்க்வாடின் ‘உசல்யா’ என்றால் கண்ணிமைக்கும் நேரத்தில் பொருளைத் தூக்குபவன்; குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்தப்பட்ட சமூகத்தின் பெயரும் அதுவே. சரண்குமார் லிம்பாளேயின் ‘அக்கர்மாஷி’ (1984) பொன் நிறுக்கும் கணக்கிலிருந்து வந்தது. ஒரு தோலாவுக்கு 12 மாஷா. பதினொன்றுதான் இருக்கிறது என்றால் குறைப்பொன். முறையான தகப்பன் இல்லாமல் பிறந்தவனை அப்படித் திட்டுவார்கள். இதைத் ‘தீண்டாதவன்’ என்பது போன்ற பொதுச் சொல்லால் மாற்றினால் அந்தத் தராசு விழுந்துவிடும்.

பேபி காம்ப்ளேயின் ‘ஜிண ஆமுச’ (1986) பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பல்டண் ஊரில் சிறிய மளிகைக் கடை வைத்திருந்தவர். பொட்டலம் கட்ட வந்த பழைய தாள்களைப் படித்து, எழுதியதை வீட்டில் தெரியாமல் இருபது ஆண்டு ஒளித்து வைத்திருந்தார். ஆங்கிலத்தில் ‘நாங்கள் உடைத்த சிறைகள்’ என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். வீரமாக இருக்கிறது, ஆனால் மூலத்தில் அப்படி இல்லை. மூலம் வெறும் ‘எங்கள் வாழ்க்கை’. தமிழனுக்கு ஒரு சௌகரியம் உண்டு இங்கே. மராத்தியில் ‘ஆம்ஹீ’ என்பது நாங்கள், ‘ஆபண்’ என்பது நாம். கேட்பவனைச் சேர்த்தும் விலக்கியும் சொல்லும் இந்த வேறுபாடு ஆங்கிலத்தில் இல்லை, இந்தியிலும் இல்லை. ‘ஆமுச’ என்பது ‘எங்கள்’. வாசிக்கும் உயர்சாதிக்காரனை வாசலில் நிறுத்திவைக்கும் சொல். ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வரும் தலித் நூல்களில் ‘நமது தெரு’, ‘நமது பசி’ என்று வந்தால் அங்கே ஓர் ஐயக்குறி போட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது ‘எங்கள்’ ஆகத்தான் இருக்கும்.

நாடகம் பெரிய கடல்; சுருக்கமாகவே சொல்கிறேன். தெண்டுல்கரின் ‘சாந்ததா! கோர்ட் சாலூ ஆஹே’யில் விளையாட்டாக நடத்தும் நீதிமன்றம் ஒரு பெண்ணை நிஜமாகவே கிழித்துப்போடுகிறது. ‘காசிராம் கோத்வால்’ (1972) பேஷ்வா காலப் புனேயைக் காட்டியதற்குப் புனேயே கொதித்தது. எதிர்ப்புக்குப் பயந்து முதலில் போட்ட குழு நிறுத்திக்கொள்ள, நடித்தவர்கள் பிரிந்து தியேட்டர் அகாதெமி தொடங்கி மறுபடி போட்டார்கள். இதைப் படிப்பதைவிடப் பார்க்க வேண்டும். பிராமணர்கள் வரிசையாகக் கைகோத்து நிற்கும் மனிதச் சுவர்தான் அதன் மேடை அமைப்பே, அது எழுத்தில் ஒரு வரிக் குறிப்பாகத்தான் கிடக்கும். படிக்க ஏற்றது மகேஷ் எல்குஞ்ச்வாரின் ‘வாடா சிரேபந்தி’ (1985): விதர்ப்பாவில் ஒரு பெரிய வீடு, தகப்பனின் காரியத்துக்குப் பணம் யார் போடுவது என்ற பேச்சு. சதீஷ் ஆளேகரின் ‘மகாநிர்வாண்’ இழவு வீட்டைச் சிரிப்பாக்குகிறது. நம்மவர்களுக்கு நன்றாகவே பிடிபடும்.

அருண் கொலாட்கர் (1932–2004) இரண்டு மொழிக்காரர். ஆங்கிலத்தில் ‘ஜெஜூரி’ எழுதியவர் என்று வெளியில் தெரியும், மராத்திக்காரர்களுக்கு அவர் முதலில் மராத்திக் கவிஞர். சம்பளம் கேட்கும் ஓர் ஆளின் கவிதை ஒன்றை மராத்தித் தொகுப்பிலேயே மும்பைத் தெரு இந்தியில் எழுதியிருக்கிறார், அதையே ஆங்கிலத்திலும் செய்திருக்கிறார். அவருடைய ‘பிஜ்கீ வஹீ’ (நனைந்த நோட்டு, 2003) அழுத பெண்களின் நீண்ட வரிசை. இறந்த பிறகு அதற்கு சாகித்திய அகாதெமி விருது வந்தது. நண்பர் திலீப் சித்ரே துகாராமை ஆங்கிலத்தில் கொண்டுவந்த 1991-ஆம் ஆண்டு நூல், நவீனர்கள் ஏன் திரும்பத் திரும்ப 17-ஆம் நூற்றாண்டுக்குப் போகிறார்கள் என்று காட்டிவிடும்.

ஆலைத் தொழிலாளி எடுத்து வளர்த்த அநாதைக் குழந்தையான நாராயண் சுர்வே, ‘மாஜே வித்யாபீட்’ (என் பல்கலைக்கழகம், 1966) என்று தெருவைப் பாடினார். 1982 ஆலை வேலைநிறுத்தத்துக்குப் பின் அந்த கிரண்காவ் (மும்பையின் ஆலைப் பகுதி) இடிந்த கதையை ஜெயந்த் பவார் நாடகமாகவும் சிறுகதையாகவும் எழுதினார். கடன்பட்ட உழவர்களைப் பற்றி சதானந்த் தேஷ்முக்கின் ‘பாரோமாஸ்’. கவிதா மகாஜனின் ‘ப்ர’ (2005) ஆதிவாசிப் பெண் ஊராட்சித் தலைவிகளைத் தேடிப் போகும் ஒருத்தியின் கதை. தலைப்பு ஓர் அரை எழுத்து. ‘ப்ர என்று சொல்லக் கூடாது’ என்றால் மூச்சு விடக்கூடாது என்று பொருள். மிலிந்த் போகிலின் ‘சாளா’ நெருக்கடிநிலைக் காலத்து ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனின் காதல். லேசாகப் படிக்க ஏதாவது வேண்டுமென்றால் இது.

சரித்திர, புராண நாவல்களை விட்டுவிட்டேன் என்று தோன்றலாம். மராத்தியில் அதிகம் விற்பவை அவையே. சிவாஜி சாவந்தின் ‘மிருத்யுஞ்ஜய்’ (1967) தமிழில் ‘கர்ணன்: காலத்தை வென்றவன்’ என்று கிடைக்கிறது, நாகலட்சுமி சண்முகம் மொழிபெயர்ப்பு. காண்டேகர் பிடித்தவர்களுக்கு இது பிடிக்கும், காண்டேகரைத் தாண்டிப் போக நினைப்பவர்களுக்கு இது திரும்பிப் போகும் பாதை.

வரிசை கேட்டால்: பன்கர்வாடி, பலுத, பாகுலின் கதைகள், கோஸலா, அதன் பிறகு ஜிண ஆமுச, கவிதைக்கு கொலாட்கர் முதலில், தசாள் இரண்டாவது, மர்டேகர் கடைசியில். மர்டேகர் காலத்தால் முந்தியவர்தான், ஆனால் மொழிபெயர்ப்பில் மிகக் குறைவாகக் கிடைப்பவரும் அவரே.

புது எழுத்தைப் பிடிக்க விரும்பினால் தீபாவளி இதழ்கள்தான் வழி. நம் தீபாவளி மலருக்கு அண்ணன் முறை: 1909-இல் ‘மனோரஞ்சன்’ பத்திரிகை தொடங்கிவைத்த வழக்கம், இன்றும் ஆண்டுதோறும் பல நூறு இதழ்கள் வருகின்றன. நாவலின் முதல் வடிவம், நீண்ட கட்டுரை எல்லாம் அங்கேதான் முதலில் தலைகாட்டும். ‘மௌஜ்’, ‘அக்ஷர்’, ‘சாதனா’ மூன்றையும் பார்த்தால் போதும்.

இந்தி எழுத்து தெரிந்தவர்கள் மூலத்திலேயே முயன்று பார்க்கலாம், எழுத்து ஒன்றுதான். இரண்டு இடத்தில் மட்டும் இந்திப் பழக்கம் காலை வாரும். ச, ஜ வரிசை எழுத்துகளுக்கு மராத்தியில் இரண்டு ஒலி, ‘த்ஸ’ போல ஒன்றும் சாதாரணமாக ஒன்றும். எது எங்கே என்று எழுத்தில் தெரியாது, கேட்டுத்தான் பழக வேண்டும். மற்றது நமக்கு லாபம்: மராத்தியில் ‘ள’ உண்டு. நாம் திலகர் என்பவர் அங்கே டிளக். நாம் டெண்டுல்கர் என்பவர் தெண்டுல்கர், முதலெழுத்து ‘தண்ணீர்’ என்பதில் வரும் த.